சீனாவுக்குப் போன பிரென்

பிரிட்டனின் இலகு இயந்திரத் துப்பாக்கியான பிரென் என்றாலே மேலே நட்டுக்கொண்டு நிற்கும் வளைந்த மேகசின்தான், அதாவது தோட்டாக்கள் அடுக்கும் பெட்டிதான், நினைவுக்கு வரும். அந்த வளைவு பிரிட்டனின் .303 தோட்டாவால் வந்தது. அந்தத் தோட்டாவின் அடிப்பக்க விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அடுக்கினால் வரிசை தானாக வளையும்.

ஆனால் நேரான மேகசின் போட்ட பிரென் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் கனடாவின் டொராண்டோவில் இருந்த இங்லிஸ் ஆலை, சீனத் தேசியவாதத் தலைவர் சியாங் கை ஷேக்கின் படைக்காக 7.92 மி.மீ. மவுசர் தோட்டாவில் செய்து கொடுத்தது. ஜெர்மன்காரன் சுட்ட அதே தோட்டா! சீனர்களிடம் செக் நாட்டு இலகு இயந்திரத் துப்பாக்கியான இசட்.பி. 26 ஏற்கெனவே ஏராளம். அதற்கும் இதே தோட்டாதான், 20 தோட்டா பிடிக்கும் நேரான மேகசின். புதிதாக .303 கொடுத்திருந்தால் தோட்டா சப்ளையே தனித் தலைவலியாகியிருக்கும். இங்லிஸ் துப்பாக்கியின் பக்கவாட்டில் சீன எழுத்துகளைப் பொறித்தே அனுப்பினார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பிரென் பிறந்ததே இசட்.பி. 26-இலிருந்துதான். செக் துப்பாக்கியை .303-க்கு மாற்ற பிரிட்டிஷார் மெனக்கெட்டார்கள். கனடாக்காரர்கள் அதைப் பழைய தோட்டாவுக்கே திருப்பினார்கள். அம்மா வீட்டுக்குத் திரும்பிய மகள் மாதிரி.

அப்புறம் சியாங்கின் அரசு போய்ச் சேர்ந்த தைவான் இதே வடிவத்தை அமெரிக்க .30-06 தோட்டாவுக்கு மாற்றிக்கொண்டது. பிரிட்டனும் 1950-களில் நேட்டோவின் 7.62-க்கு மாறியது, எல்4 என்ற பெயரில். அதில் மேகசின் வளைவு ரொம்பக் குறைவு. பழைய படங்களில் பிரெனைப் பார்த்தால் முதலில் மேகசினைப் பாருங்கள்.