ஐந்தாவது பிறந்தநாளுக்கு முன்

"பிறந்தநாள் முடிஞ்சு போட்டா ஆகாதா, டாக்டர்?"

இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த, ஐந்து வயதை நெருங்கும் பையனின் தட்டம்மை ஊசியைப் பற்றி அவன் அம்மா கேட்டது இவ்வளவுதான். "சீக்கிரம் போட்டா நல்லதும்மா" என்பது பதில். பொய்யில்லை. முழுப் பதிலும் இல்லை.

திருநெல்வேலியில் போட்ட ஊசிகளின் அட்டை: ஒன்பதாம் மாதம் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா), பதினாறாம் மாதம் இன்னொன்று. இந்திய அரசு அட்டவணையில் பொன்னுக்குவீங்கிக்கு ஊசி கிடையாது. ஒரு வயதுக்கு முன் போட்டதை இங்கிலாந்தில் கணக்கில் எடுப்பதுமில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காது. தனியார் டாக்டரிடம் 9, 15 மாதங்களில் எம்.எம்.ஆர். (பொன்னுக்குவீங்கியும் சேர்ந்தது) போட்டிருந்தாலும் இரண்டாவது மட்டுமே செல்லும். இந்தப் பையனுக்கு எம்.எம்.ஆர். இரண்டும் தேவைப்பட்டன, நடுவே ஒரு மாத இடைவெளி. இதுவரை மருத்துவம்.

இனி காசு. 2025 மார்ச் வரை கிளினிக்குக்கு ஊசி ஒன்றுக்கு 10.06 பவுண்டு தனியாகக் கிடைத்தது. அதற்குமேல், 2021 முதல் கிளினிக்கின் தர மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குள் ஊசிகளை முடித்த பிள்ளைகளின் கணக்குக்கு 18 புள்ளி, புள்ளிக்குக் காசு. முழுதும் கிடைக்க 2023 வரை 95 சதவீதம் வேண்டியிருந்தது. ஐந்து வயதைத் தொடும் பிள்ளைகள் இருபது பேர் என்றால் பத்தொன்பது. இரண்டு பேர் விடுபட்டால் 90. பெற்றோர் வேண்டாமென்று சொன்னாலும் விலக்கு இல்லை. பிறந்தநாளுக்கு மறுநாள் போட்ட ஊசி, பையனைத் தட்டம்மையிலிருந்து அதேபோல் காக்கும், புள்ளிக்குச் செல்லாது. 

அப்படியானால் அந்தச் "சீக்கிரம்" யாருக்காக? தட்டம்மை பரவும் ஊரில் ஒவ்வொரு வாரமும் முக்கியம்தான், அவசரப்படுத்தியது சரி என்று தோன்றுகிறது. ஆனால் அதே அவசரம் ஆறு வயது அக்காவுக்கும் இருக்க வேண்டுமே. அவளுக்கும் அதே எம்.ஆர். அட்டைதான். கணினித் திரையில் அவள் பெயருக்கு நேரே ஊசி பாக்கி என்று எந்தக் குறியும் வரவில்லை. அவளைப் பற்றிப் பேச்சே எழவில்லை. குறி வந்ததால்தான் தம்பியைக் கூப்பிட்டார்கள் என்பதும் உண்மை. ஊக்கத்தொகை இல்லாவிட்டால் இரண்டு பேருமே விடுபட்டிருக்கலாம்.

2023ல், காலம் தாழ்ந்து பதிவு செய்த பிள்ளைகளைக் கணக்கிலிருந்து விலக்க அனுமதி வந்தது. டாக்டருக்கு அது நியாயம். நாலு வயது பதினொன்றாம் மாதத்தில் வரும் பிள்ளைக்கு இரண்டு ஊசியை எப்படிப் போட்டு முடிப்பது? ஆனால் விலக்கிய பெயருக்கு யாரும் போன் போடுவதில்லை. முதல் ஊசி போட்ட கையோடு அடுத்த மாதத் தேதியை அங்கேயே எழுதிக் கொடுத்து, வயது எதுவானாலும் வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளின் அட்டைகளையும் கேட்டு வாங்கினால் பாதிச் சிக்கல் தீரும். அந்த வேலைக்குத் தனிப் புள்ளி கிடையாது.