கழற்றிவைத்த டர்போ

சேலத்தில் பழைய கார் வியாபாரம் செய்யும் என்னிடம் அதிகம் வருபவை ஸ்விஃப்ட்டும் இன்னோவாவும்தான். எந்த வருடத்து வண்டி, எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டதுமே விலை மனதுக்குள் வந்துவிடும். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் எக்ஸ் ஒன்று வந்து நின்றபோது அந்தக் கணக்கு உதவவில்லை.

2007-இல் ஜப்பானில் அறிமுகமான மாடல் அது. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. எஞ்சினின் புகைக்காற்றால் சுழன்று, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் தள்ளும் கருவிதான் டர்போ. நம் ஊர்ச் சாலைகளில் காண்பதே அபூர்வம். செவ்வாய்ப்பேட்டை வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அதை வாங்கி, பெரிய டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலர், கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள், அகலமான சைலன்சர் என்று ஆசை ஆசையாக மாற்றியிருந்தார். எல்லா ரசீதுகளையும் கோப்பில் அடுக்கிக் கொண்டுவந்து, அந்தச் செலவையும் காரின் விலையோடு கூட்டிக் கேட்டார்.

"தம்பி, இதெல்லாம் உங்கள் ஆசைக்குச் செய்த செலவு. வாங்குகிறவர் இதற்குப் பணம் தரமாட்டார். கழற்றிய சாமான்கள் இருக்கின்றனவா?" என்றேன்.

கிடங்கில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் வண்டியை விற்றுவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பழைய சாமான் இல்லாத வண்டியை வாங்குகிறவர் தலைவலியையும் சேர்த்தே வாங்குகிறார். அப்படி ஒருவர் தலையில் கட்டிவிட்டுத் தரகு வாங்க எனக்கு மனம் வராது.

எஞ்சினை மெக்கானிக் நிதானமாகச் சோதித்தார். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் தண்டை இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல அசைத்தார். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தாண்டும் தண்டு அது. ஆட்டம் அதிகமாக இருந்தால் விரலுக்கே தெரிந்துவிடும். குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்தார். துணியில் எண்ணெய்க் கறை படியவில்லை.

விசாரித்தவர்களில் பலருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு சுற்று போக வேண்டும், அவ்வளவுதான். கோயம்புத்தூரிலிருந்து வந்த இளைஞர் மட்டும் முதலில் ஆர்சி புத்தகத்தைக் கேட்டார். அப்போதே அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது. விடியற்காலையில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். ஓட்டியவர் அவர், பக்கத்தில் நான்.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய டர்போவைச் சுழற்றப் புகைக்காற்று நிறைய வேண்டும். எஞ்சின் 4,000 சுற்றுகளை நெருங்கும்வரை அது தூங்கிக்கொண்டே இருந்தது. வளைவிலிருந்து வெளியே வந்து மிதித்தால் வண்டி யோசிக்கிறது. இழுக்கத் தொடங்கும்போது அடுத்த வளைவு வந்துவிடுகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். மேலே காற்று மெலிவதால் சாதாரண எஞ்சின் சோர்ந்துபோகும். டர்போ வண்டிக்கு அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. மலைச்சாலைக்கென்றே பிறந்த வண்டி என்று இதைச் சொல்லலாம். அத்தனை பணம் கொட்டியும் இந்தச் சாலையில் அது மந்தமாகிவிட்டதே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

ஏரிக்கரையில் நிறுத்தியதும் அவர் கேட்டார்: "அண்ணா, பழைய டர்போவையே பூட்டித் தர முடியுமா?"

டர்போவை மட்டும் மாற்றினால் போதாது. இன்ஜெக்டர்களையும் பழையபடி பூட்டி, எஞ்சினை இயக்கும் கணினியில் கம்பெனி அமைப்பைத் திரும்ப ஏற்ற வேண்டும்; இல்லையென்றால் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு தவறி எஞ்சினே பாழாகும். சைலன்சரும் பழையதுக்கே திரும்பியது. வேலை முடிந்த வண்டியை அவர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். விலையில் பெரிதாகப் பேரம் பேசவில்லை.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட வந்த செவ்வாய்ப்பேட்டைத் தம்பி, வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இப்படியே வைத்திருக்கலாம் போலிருக்கிறதே" என்றார். பெரிய டர்போவை அவரே எடுத்துப் போயிருக்கிறார். அதற்கு ஓர் ஆள் பார்த்துத் தரும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்.