கார் பார்க்குக்காக அலைந்த பதினான்கு மாதம்

போன வியாழன் இரவு பத்தே முக்காலுக்கு, எங்கள் உள்ளூராட்சிக் கவுன்சிலில் கட்டட அனுமதி கொடுக்கும் பிளானிங் கமிட்டி வாக்களித்து முடித்தது. எங்கள் நகர மையத்துக் கார் பார்க்கில் அடுக்குமாடி வரப்போகிறது. அதை எங்களால் நிறுத்த முடியவில்லை. ஆனால் நடக்க முடியாதவர்களின் வண்டிகளுக்கான புளூ பேட்ஜ் இடங்கள் நான்கிலிருந்து பத்தாகின. கட்டட வேலை நடக்கும் காலத்திலும் அவற்றை மூடக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிவிட்டோம். முதல் மூன்று மாதத்தை வீணாக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம் என்ற ஆத்திரம் மட்டும் ஆறவே இல்லை. இங்கிலாந்தில் நம்மவர்களின் சனிக்கிழமைப் பள்ளிகளும் கோயில்களும் எத்தனையோ ஊர்களில் கவுன்சில் கார் பார்க்கை நம்பித்தான் நடக்கின்றன. நாங்கள் விட்ட பிழையை வேறு யாரும் விடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

லண்டனுக்கு வெளியே ஒரு சிறு நகரம் எங்களுடையது. கார் பார்க்குக்குப் பின்னால் உள்ள சமூக மண்டபத்தில் சனி காலையில் தமிழ்ப் பள்ளி. பிள்ளைகளைக் கொண்டுவருவது பெரும்பாலும் தாத்தா பாட்டிமார்தான். என் அம்மாவும் நடை வண்டியைத் தள்ளிக்கொண்டு மகளின் வகுப்பு வாசல் வரை வருவார். கார் பார்க்கில் இருந்து வாசலுக்கு இருபது அடி. அடுத்த கார் பார்க் மேட்டுக்கு அந்தப் பக்கம்.

விளக்குக் கம்பத்தில் மஞ்சள் அறிவித்தலைப் பார்த்த அன்றுதான் எங்களுக்கு விஷயமே தெரியும். கருத்துச் சொல்ல 21 நாள் என்று இருந்தது. உடனே கையெழுத்து வேட்டையில் இறங்கினோம். பள்ளி, தமிழ்க் கடை, கோயில் என்று இரண்டு கிழமையில் நானூறுக்கு மேல் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கவுன்சில் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். வாசலில் ஒரு திரை, முன்பதிவு இல்லாமல் யாரையும் பார்க்க முடியாது என்றது. மேசையில் இருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்து, கடதாசி எதையும் தான் வாங்குவதில்லை, கூட்டங்களையும் மனுக்களையும் கவனிக்கும் டெமாக்ரட்டிக் சர்வீசஸ் பிரிவுக்குத் தபாலில் அனுப்புங்கள் என்றார். அந்தப் பிரிவு அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மேலே கொடுக்க முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார். தபாற்கந்தோருக்கு நடந்தேன்.

பதினாறு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. பாதிக்கு மேல் செல்லாது. சிலவற்றில் அஞ்சல் குறியீடு இல்லை, சிலவற்றில் இருந்த குறியீடு பக்கத்துக் கவுன்சிலுடையது. எங்கள் கவுன்சிலின் விதிப்படி கையெழுத்துப் போடுபவர் இந்த எல்லைக்குள் வசிக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும், அல்லது படிக்க வேண்டும். மனு விதி கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். முதல் கையெழுத்தை வாங்குமுன் அதை எடுத்துப் படியுங்கள்.

அதைவிடப் பெரிய அடி அதற்குப் பிறகுதான் வந்தது. பள்ளியில் ஒரு அண்ணை இருக்கிறார், வேறொரு கவுன்சிலில் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டு, “தங்கச்சி, நீங்கள் பிழையான வாசலில நிக்கிறீங்கள். இடத்தைக் குடுக்கிறதெண்டு அவங்கள் எப்பவோ முடிவெடுத்திட்டாங்கள்” என்றார். பழைய கூட்டக் குறிப்புகளைத் தேடினேன். அவர் சொன்னது சரி. கவுன்சிலின் கேபினட், அதாவது பெரிய முடிவுகளை எடுக்கும் கவுன்சிலர் குழு, முந்தின இலையுதிர் காலத்திலேயே, அந்த நிலத்தை நீண்ட குத்தகைக்குக் கொடுக்கத் தீர்மானித்திருந்தது. வண்டி நிறுத்தும் இடங்கள் குறையும் என்பதும் அதே தாளில், அதே தீர்மானத்தில்.

இதுதான் எங்களுக்குப் புரியாமல் போனது. நிலத்தின் சொந்தக்காரராகக் கவுன்சில் எடுக்கும் முடிவு ஒன்று. கட்டட அனுமதி கொடுப்பவராக எடுக்கும் முடிவு வேறொன்று. விளக்குக் கம்பத்துத் தாள் இரண்டாவதற்கு மட்டும்தான். அந்தக் கட்டத்தில் போய் ‘கார் பார்க்கைக் கொடுக்காதீர்கள்’ என்றால், அது எங்கள் வேலை இல்லை என்பார்கள். சட்டப்படி அது உண்மையும்கூட. முதல் முடிவுக்கு விளக்குக் கம்பத்தில் யாரும் எதுவும் ஒட்டுவதில்லை. பெரிய முடிவு என்றால் கேபினட் 28 நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும், கூட்டத் தாள்களை ஐந்து முழு வேலை நாளுக்கு முன் வெளியிட வேண்டும். இரண்டும் இணையத்தில் இருந்தன. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. முடிவு வந்த பிறகும், சில கவுன்சிலர்கள் சேர்ந்து அதை மறுபரிசீலனைக்கு இழுக்க எங்கள் கவுன்சிலில் ஐந்து வேலை நாள் இருந்தது. அதுவும் போய்விட்டது. அதற்கும் முன்னால், எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று கவுன்சில் வகுக்கும் லோக்கல் பிளானில் அந்த இடத்தை வீடுகளுக்கு என்று குறித்திருந்தார்கள். உங்கள் ஊரின் லோக்கல் பிளான் வரைபடத்தை இன்றைக்கே திறந்து, உங்கள் மண்டபத்தைச் சுற்றி என்ன நிறம் தீட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

சரி, மிச்சம் இருந்தது, கட்டப்போகும் நிறுவனம் கவுன்சிலிடம் போட்டிருந்த கட்டட அனுமதி மனுதான். என் முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதில் கோபம் இருந்தது, கணக்கில் எடுக்கக் கூடிய காரணம் ஒன்றுகூட இல்லை. வீட்டு விலை குறையும், காட்சி மறையும் என்றெல்லாம் எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். போக்குவரத்து, வீதிப் பாதுகாப்பு, வெளிச்சம் மறைவது, நடக்க முடியாதவர்கள் வந்துபோகும் வசதி, இவற்றைத்தான் எடுப்பார்கள். ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்பினால் அதே ஒரு காரணம்தான் நிற்கும். பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவது மேல். இன்னொன்று, கருத்து எழுதுபவரின் பெயரும் முகவரியும் எங்கள் கவுன்சிலின் இணையத்தளத்தில் ஏறும். எங்கள் பள்ளித் தாய் ஒருவர் தன் மகனின் நோய் விவரத்தை முழுக்க எழுதிவிட்டார். அது அப்படியே எல்லோரும் வாசிக்கக் கிடந்தது. நீக்கச் சொல்லி மூன்று முறை தொலைபேசியில் கேட்க வேண்டி வந்தது. அந்த மூன்று நாளும் அவர் அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன்.

அனுமதி மனுவோடு நிறுவனம் கொடுத்திருந்த போக்குவரத்து அறிக்கையை அண்ணைதான் வடிவாகப் பார்த்தார். கார் பார்க் பாதி காலியாகக் கிடக்கிறது என்றது அறிக்கை. அவர்கள் எண்ணிய நாள்கள் ஒரு செவ்வாயும் ஒரு புதனும். அதுவும் பள்ளி அரைத்தவணை விடுமுறைக் கிழமையில்! சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை. தகவல் சுதந்திரச் சட்டம் 2000இன் கீழ், ஒரு வருடத்துச் சனிக்கிழமைகளின் டிக்கெட் மெஷின் விற்பனையை மணி வாரியாகக் கேட்டேன். 20 வேலை நாளில் பதில் வர வேண்டும். நினைவூட்டிய பிறகு 23ஆம் நாள் வந்தது. விவரம் எங்களிடம் இல்லை, மெஷினை நடத்தும் ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது என்று ஒற்றை வரி. அத்தோடு விட்டுவிட இருந்தேன். அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படித்ததில் தெரிந்தது, கவுன்சிலுக்காக வேறொருவர் வைத்திருக்கும் தகவலும் கவுன்சில் வைத்திருக்கும் தகவல்தான். அதை மேற்கோள் காட்டி மறுஆய்வு கேட்டேன். எண்கள் முழுவதும் வந்தன. சனி காலை ஒன்பதரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் அந்த இடம் வருடம் முழுக்க நிரம்பி வழிந்திருந்தது. அன்று இரவு நாங்கள் பள்ளிச் சமையலறையில் நின்று தேநீர் குடித்தது ஒரு கொண்டாட்டம் மாதிரியே இருந்தது.

இன்னொரு பிடியும் கிடைத்தது. கேபினட் தாளோடு வைத்திருந்த சமத்துவத் தாக்க மதிப்பீடு அரைப் பக்கம். பாதிப்பு எதுவும் இல்லை என்று அதில் போட்டிருந்தது. 2010 சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, முடிவெடுக்குமுன் மாற்றுத்திறனாளிகளையும் முதியவர்களையும் உரிய முறையில் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. அம்மாவும் இன்னும் ஆறு முதியவர்களும் தாங்கள் எப்படி வந்து போகிறார்கள் என்று தனித்தனியாக எழுதினார்கள். அம்மா தமிழில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் எழுதினாள். எங்கள் பகுதிக்குத் தேர்வான வார்ட் கவுன்சிலர், அதிகாரிகளே கையெழுத்திட்டு முடிக்காமல் அனுமதி மனுவைக் கமிட்டிக்குக் கொண்டுவரச் செய்தார். கமிட்டியில் இருப்பவர்களிடம் போய் ஆதரிப்பீர்களா என்று கேட்காதீர்கள். முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள் என்று வந்தால் அவர்கள் வாக்களிக்க முடியாமல் போகலாம். அவர்கள் பேசாமல் நழுவுவதற்குக் காரணம் அதுதான், நானும் முதலில் மனம் நொந்தேன்.

கமிட்டி நாளிலும் ஒரு வீண் பயணம். மழையில் மூன்று முதியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால், அன்று பின்னேரம் மூன்று மணிக்கே எங்கள் விஷயத்தை நிரலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அந்தத் திருத்தத் தாள் இணையத்தில் மட்டும் ஏறியிருந்தது. வீட்டை விட்டு இறங்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஐந்து கிழமை கழித்து மறுபடி போனோம். எதிர்ப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து மூன்று நிமிடம், முந்தின நாள் நண்பகலுக்குள் பெயர் பதிய வேண்டும். நான் டிக்கெட் எண்களில் ஆரம்பித்தேன், அம்மாவின் இருபது அடியில் முடித்தேன். ஒரு உறுப்பினர் அதிகாரியைப் பார்த்து, சனிக்கிழமை ஏன் எண்ணவில்லை என்று கேட்டார். அதிகாரி தாளைப் புரட்டினார். பதில் வரவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகுதான் நிபந்தனைகள் பற்றிய பேச்சே ஆரம்பித்தது.

அனுமதி கொடுத்தால் எதிர்த்தவர்களுக்கு மேன்முறையீடு கிடையாது, நிறுவனத்துக்கு மட்டும்தான் உண்டு. நீதிமன்றம் போக ஆறு கிழமை இருக்கிறது. அதற்குப் பள்ளியிடம் பணம் இல்லை, போகப்போவதும் இல்லை. ஆனால் கார் பார்க்கை மூட இன்னொரு உத்தரவு போட வேண்டும், அதற்கும் 21 நாள் ஆட்சேபணைக் காலம் உண்டு. அந்த அறிவித்தல் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். புளூ பேட்ஜ் இடங்களைக் கட்டட வேலையின்போது எங்கே வைக்கப்போகிறோம் என்ற வரைபடத்தையும் நிறுவனம் தனியாகக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு அயலவர்களுக்குக் கடிதம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே திங்கள் காலையில் கவுன்சிலுக்கு வந்த அனுமதி மனுக்களின் வாராந்தப் பட்டியலைப் பார்ப்பது என் வேலை, பத்திரிகை அண்ணையின் வேலை. இந்தத் திங்களும் பார்த்தேன். இன்னும் வரவில்லை.