கோயில் திறப்பைக் கையளிக்கும் வயதில்

'நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்' என்று புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் வரிகள் அடக்கப் பூசைகளில் அடிக்கடி ஒலிக்கின்றன. அதே அதிகாரத்தில் அவர் கேட்டனுப்பும் சாமான்களை ஆரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. துரோவாவில் விட்டுவந்த மேலங்கி வேண்டும், புத்தகங்கள் வேண்டும், முன்பு தன்னோடு கூட்டிப்போக மறுத்த மாற்குவும் வேண்டும் என்கிறார். திருகோணமலைப் பங்குகளில் முதியோரைச் சந்திக்கும் பணியில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் நன்றாகவே விளங்கும். கடைசிவரை நிலைத்திருப்பது இப்படியான சில்லறை அலுவல்களில்தான் தங்கியிருக்கிறது.

முதல் சிக்கல் திறப்புக் கோர்வை. பல வருடம் கோயிலைப் பார்த்த மூப்பர் நடக்க முடியாத நிலையிலும் அதை விடமாட்டார். பொறுப்பை வாங்க வருகிறவரும் இரண்டு கிழமையில் எல்லாம் படித்துவிடலாம் என்று நினைப்பார். முடியாது. கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் தொடங்கி ஒரு முழு வழிபாட்டு ஆண்டு இருவரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பெரிய வெள்ளி வருடத்தில் ஒருமுறைதான் வரும். பாலையூற்று லூர்து அன்னைக்குரிய பெப்ரவரி 11உம் அப்படித்தான். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், கொடிமரக் கயிறு இருக்கும் அலுமாரி எல்லாம் முதியவரின் தலைக்குள் இருக்கும், கொப்பியில் இராது. முதல் அரைவாசியில் பழையவர் செய்ய, புதியவர் எழுதட்டும். மற்ற அரைவாசியில் புதியவர் செய்யட்டும், பழையவர் கதிரையில் இருந்து பார்க்கட்டும். இந்த இரண்டாம் பாதிதான் கஷ்டம். வாயைத் திறக்காமல் இருக்கும் ஒறுத்தலுக்கு முன்னால் தவக்கால ஒருசந்தி (ஒரு நேரம் மட்டும் வயிறார உண்ணும் நோன்பு) ஒன்றுமேயில்லை.

ஒருசந்தி பற்றியும் சொல்ல வேண்டும். திருச்சபைச் சட்டப்படி அது 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி, 59 வயது நிறைந்ததும் கடமையாக இராது. ஆனாலும் எழுபது தாண்டி இன்சுலின் போடுகிறவர் பெரிய வெள்ளியன்று ஊசியையும் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பார். மத்தியானத்துக்குள் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும். வீட்டார் வெயில் களைப்பு என்பார்கள். நினைவிருந்தால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஒருசந்திக்குப் பதிலாக அன்று ஒரு பழைய மனத்தாங்கலைத் தீர்க்கச் சொல்லலாம். சுவாமிமாரும் (குருமாரும்) அப்படித்தான் சொல்வார்கள்.

மறதி நோய் வந்தவரோடு செபிக்கும்போது, அவர் சிறுவயதில் மனனம் செய்த வடிவத்தையே எடுக்க வேண்டும். 'எங்கள் பிதாவே' என்று படித்தவருக்கு 'எங்கள் தந்தையே' என்று தொடங்கிக் கொடுத்தால் அடுத்த சொல் வராது. காது நன்றாகக் கேட்கும் பக்கம் இருந்து, கத்தாமல், தாழ்ந்த குரலில் மெதுவாகச் சொல்லி, பாதியில் நிறுத்த வேண்டும். மகளின் பெயர் மறந்தவரும் மீதியை முடிப்பதுண்டு. ஐம்பத்துமூன்று மணிச் செபம் (செபமாலை) முழுவதும் வேண்டாம். ஒரு பத்து மணி போதும்.

நற்கருணை கொண்டு போகும்போது ஆளை நிமிர்த்தி இருத்த வேண்டும். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு அப்பத்தின் சிறு துணுக்கே போதும். தண்ணீர் கொடுத்தால் புரையேறுமா என்று வீட்டாரிடம் முதலே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அரைமணி நேரம் படுக்க விடக் கூடாது. நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதலைச் சாகிறவருக்கான 'அவஸ்தை' என்று பயந்து, மூச்சு இழுக்கும்போது சுவாமியைத் தேடுவதுதான் இன்னும் மாறாத பிழை. முதுமையாலோ நோயாலோ ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனமும், பேச்சும் காதும் நன்றாக இருக்கும்போதே நடக்கட்டும். அந்த நேரம் வீட்டார் முற்றத்துக்குப் போய்விட வேண்டும். மூதூர்ப் பக்கத்து உட்கிராமங்களுக்கு ஐப்பசி மழைக்கு முன்பே சுவாமியை அழைத்துவிடுவது நல்லது. 'மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர்' என்று பவுல் அவசரப்பட்டதில் நியாயம் உண்டு.

கடைசியாகக் காணி. கட்டிலைச் சுற்றி நடக்கும் உறுதிச் சண்டை எத்தனையோ நல்ல மரணங்களைக் கெடுத்திருக்கிறது. மகளுக்கு நன்கொடை உறுதி எழுதினாலும் சீவிய உருத்தைத் தனக்கு வைத்து எழுதினால், சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை போகாது. மரணசாசனம் என்றால் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளுக்கு முன்னால் ஒப்பமிட வேண்டும். ஞாபகம் தடுமாறிய பிறகு வைத்த கையெழுத்து வழக்கில் நிற்பது கடினம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு முதியவரே, தன் வாயால், உறுதி எழுத முன்னரே சொல்லிவிட வேண்டும். சந்திக்கப் போகிறவர்கள் அந்த அழைப்பை எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் ஆருக்கு எவ்வளவு என்ற பேச்சில் வாய் வைக்கக் கூடாது. சாட்சிக் கையெழுத்தும் போடாமல் இருப்பதே நல்லது.