நன்னீர் மீன்தொட்டியைக் கடல்நீருக்கு மாற்றும்போது எதை வைத்துக்கொள்ளலாம்?

தொட்டி, ஸ்டாண்டு, ஹீட்டர், ஃபில்டர் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறதே, உப்பு மட்டும் வாங்கினால் போதாதா? கண்ணாடியும் ஸ்டாண்டும் தாராளமாக உதவும். உள்ளே இருக்கும் மற்றவற்றில் பாதி உதவாது.

முதலில் தொட்டியின் மருந்து வரலாற்றைப் பாருங்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து ஊற்றியிருந்தால், அது சரளையிலும் சிலிக்கான் ஒட்டிலும் தங்கிப் பிறகு கசியக்கூடும். மீன்கள் தாங்கிவிடும், இறால், நத்தை, பவளம் தாங்காது. அப்படிப்பட்ட தொட்டியை மீன்களுக்கு மட்டும் ஒதுக்குவதே நல்லது.

சரளை, மரக்கட்டை, செடி, பழைய ஃபில்டர் பஞ்சு எல்லாம் வெளியே போக வேண்டும். பஞ்சில் மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்கிறதே என்று பலர் அதை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். நன்னீரில் பழகிய அந்தப் பாக்டீரியாவில் பெரும்பகுதி கடல் உப்பளவில் செயலிழக்கும். பஞ்சில் தேங்கிய கழிவோடு சேர்ந்து அழுகி, மீனுக்கு நஞ்சான அமோனியாவைத்தான் கூட்டும். ஃபில்டர் பெட்டியும் மோட்டாரும் இருக்கட்டும், பஞ்சு புதிதாக இருக்கட்டும். அதையும் வாரம் ஒருமுறை அலசாவிட்டால், கழிவு சிதைந்து கடைசியாக உருவாகும் நைட்ரேட் ஏறும். தொட்டியை வினிகரால் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம்.

தண்ணீரில் படும் உலோகம் எதுவும் கூடாது. முழுக்கக் கண்ணாடியில் அடைத்த ஹீட்டர் சரி. பவர்ஹெட்டை (நீருக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) கழற்றி, சுழலியின் நடுத்தண்டு பீங்கானா என்று பாருங்கள்; மலிவான மோட்டார்களில் உலோகத் தண்டு இருந்தால் துருப்பிடித்து நின்றுவிடும். பழைய விளக்கு மீன்களுக்குப் போதும், பவளத்துக்குப் பெரும்பாலும் போதாது.

100 லிட்டர் தொட்டி என்றால் மணலும் பாறையும் போக 80 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். லிட்டருக்கு சுமார் 37 கிராம் கடல் உப்புக் கலவை, ஆக ஏறக்குறைய 3 கிலோ. சமையல் உப்பு இதற்கு ஆகாது. அதில் கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை எதுவும் இல்லை. தண்ணீர் ஆர்ஓ டிஐ (சவ்வும் அயனி நீக்கும் பிசினும் கொண்ட வடிகட்டி) வடிகட்டியதாக, டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) பூஜ்யமாக இருக்கட்டும். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். தனி வாளியில் ஒரு பம்பை ஓடவிட்டு ஒரு நாள் கலக்குங்கள்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: ஒளி விலகலை வைத்து உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர். மிதப்பை வைத்து உப்பளவைக் காட்டும், ஊசி ஆடும் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு பிசகும். ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தால் சரிபார்த்த பிறகே நம்புங்கள். இருக்க வேண்டிய அளவு: நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 26 டிகிரி செல்சியஸ்.

8 முதல் 10 கிலோ நுண்துளைப் பாறை அடுக்கி, அரகோனைட் (சுண்ணாம்புக் கனிம) மணல் 3 முதல் 5 செ.மீ. பரப்புங்கள். பாறையை மணலுக்கு முன்பே தொட்டியின் அடியில் நேராக உட்கார வைத்தால் பின்னால் மீன் தோண்டும்போது சரியாது. நீரோட்டத்துக்கு மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 10 மடங்காவது தள்ளும் பவர்ஹெட் வேண்டும். அதன் முனை நீர்ப்பரப்பைக் கலக்கட்டும், ஏனென்றால் உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். காற்றுக்கல் வைத்தால் குமிழி வெடித்து மூடி, விளக்கு, ஒயர் எல்லாம் உப்பு படியும். ஒயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாமலிருக்க, ஒயர்களைப் பிளக்குக்குக் கீழே தொங்கும்படி வளைத்து விடுங்கள்.

சைக்கிள், அதாவது அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்ப்பது, மறுபடி முதலிலிருந்துதான். அமோனியாவை 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரை ஏற்றி, அது ஒரு நாளில் பூஜ்யமாகும் வரை, நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை காத்திருங்கள்; நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கலாம். பிஎச் 8.1க்கு மேல் இருப்பதால் நன்னீரில் மீன் தாங்கிய அதே அமோனியா அளவு இங்கே கொல்லும். நன்னீர் டெஸ்ட் கிட்டை வைத்திருந்தால் உப்புநீருக்கான நிற அட்டை உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் பழுப்புப் பாசி படியும், தானே போகும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அல்ல. எனவே தினமும் குறைந்த அளவுக்கு வெறும் ஆர்ஓ தண்ணீரே ஊற்ற வேண்டும். உப்புநீர் வாரந்தோறும் 10 முதல் 15 சதவீதம் மாற்றும்போது மட்டும். முதல் மீனாக ஒரு ஜோடி கோமாளி மீன் போதும். அதற்கு மேல் சேர்ப்பதை நைட்ரேட் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.