450ஆ 700ஆ: மச்சினன் கேட்ட கேள்வி

போன மாதம் மச்சினன் போன் பண்ணினான். "மச்சான், குவாட் பைக் ஒண்ணு எடுக்கப் போறேன், ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன், எதுன்னு நீங்கதான் சொல்லணும்." ஷார்ஜா பக்கம் பாலைவனத்தில் வாடகைக்கு விடுகிற குவாட்களுக்கு ஏழு வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நான், அதனால் குடும்பத்தில் நாலு சக்கரமும் ஹேண்டில்பாரும் இருக்கிற எதுவாக இருந்தாலும் கேள்வி என்னிடம்தான் வரும். இரண்டுமே செகண்ட்ஸ், இரண்டுமே யமஹா. பெங்களூரில் ஒரு ஒய்எஃப்இசட் 450ஆர், கோயம்புத்தூரில் ஒரு ராப்டர் 700ஆர்.

அவனுக்கு மனசு 450 மேல். வீடியோ பார்த்துப் பார்த்து ஏறிப்போன ஆசை. சும்மா சொல்லக் கூடாது, வண்டி அப்படித்தான் இருக்கும். 95 மில்லிமீட்டர் பிஸ்டன், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம்) 63.4தான், அதனால் ஆர்பிஎம் விறுவிறுவென ஏறும்; ராப்டரை விட அகலம் ஏறத்தாழ 3 அங்குலம் அதிகம், வளைவில் படுத்து ஓட்டினாலும் உள்பக்கச் சக்கரம் அவ்வளவு சீக்கிரம் தூக்காது. எடை 184 கிலோ, ராப்டர் 191. ரேஸ் டிராக்கில் இரண்டையும் விட்டால் 450தான் முன்னால் போகும், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் இவன் ஓட்டப் போவது டிராக்கில் இல்லை, மேலூர் தாண்டி எட்டு ஏக்கர் தரிசில். செம்மண். வெயில் காலத்தில் ஆட்டுக்குட்டி ஓடினாலே புழுதி பறக்கிற இடம்.

புழுதி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ஷார்ஜாவில் ஒரு சீசன். நாங்கள் வைத்திருந்த 450 ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடித்தது. பேட்டரியை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சீட்டைக் கழற்றி, காற்று ஃபில்டர் இருக்கிற ஏர்பாக்ஸைத் திறந்து, ஃபில்டருக்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகிற குழாயில் விரலை விட்டுத் துடைத்தால், கோலமாவு மாதிரி மணல் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவியவர் எண்ணெய் போடாமல் மாட்டிவிட்டார் (சரி, அந்த வாரம் ஃபில்டர் கழுவியது நான்தான்). அந்த எஞ்சினில் வால்வு ஐந்து, டைட்டானியம். எடை குறைவு, வேகமாகத் திறந்து மூடும், எல்லாம் நல்லதுதான், ஆனால் உள்ளே தூசி போனால் வால்வின் மேல்பூச்சு தேய்ந்து அது உட்காருகிற வளையத்துக்குள் இறங்கிவிடும். இறங்க இறங்க வால்வுக்கு மேல் விட்டிருக்கிற இடைவெளி, அதாவது கிளியரன்ஸ், குறையும், ஒரு கட்டத்தில் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும், அப்புறம் ஸ்டார்ட்டிங் எங்கிருந்து வரும்? அதைச் சரி செய்ய வால்வைத் திறக்கிற கேம்ஷாஃப்டைத் தூக்கி, அடியில் இருக்கிற ஷிம்மை (சின்ன உலோக வில்லை) அளந்து, வேறு தடிமனில் ஷிம் போட வேண்டும். அங்கே ஷிம் பெட்டியே பட்டறையில் இருந்தது. இங்கே ஆர்டர் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ராப்டரில் 686 சிசி, நாலு வால்வு, ஒரே கேம், டாப்பெட்டுக்கு, அதாவது அந்த இடைவெளியைச் சரி செய்ய, ஸ்குரூவும் லாக்நட்டும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) பிடிக்கத் தெரிந்த நம்ம ஊர் புல்லட் மெக்கானிக் ஒருவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செட் பண்ணிவிடுவார். கம்ப்ரஷன் விகிதமும் 450ஐ விடக் குறைவு. பெரிய எஞ்சின், அலட்டிக்கொள்ளாமல் இழுக்கிறது, அதனால் நாள்பட உழைக்கிறது. டக்கார் என்கிற நெடுந்தூர ராலியில் அர்ஜென்டினாவின் பாட்ரோனெல்லி சகோதரர்கள் 2010இலிருந்து 2013 வரை நாலு வருடம் வரிசையாகக் குவாட் பிரிவில் ஜெயித்தது ராப்டரில்தான், இடையில் இரண்டு வருடம் அண்ணனும் மற்ற இரண்டு வருடம் தம்பியும். ராலிக்கென்று தயார் செய்த வண்டி அது, மச்சினன் வாங்கப் போகிற வண்டி இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் அடிப்படை எஞ்சின் அதுதானே.

இதையெல்லாம் சொன்னால் அவன் காதில் ஏறவில்லை. மாமனாருக்குத்தான் ஏறியது. அவர் வீட்டில் ஜல்லிக்கட்டு காளை ஒன்று நிற்கிறது. பருத்திக்கொட்டை, நீச்சல், மண் குத்தல், நடை என்று வருடம் பூராவும் ஆள் கூடவே இருந்து கவனிக்கிறார்கள், வாடியில் அது நிற்கிற நேரம் சில நிமிடம். "அப்ப அந்தச் சின்ன வண்டி நம்ம காளை மாதிரி, பெருசு உழவு மாடு மாதிரி, அப்படித்தானே மாப்பிள்ளை?" என்று கேட்டார். அப்படியேதான் மாமா. ரேஸ் எஞ்சினுக்கு ஓடிய மணிக்கணக்கு எழுதி வைக்க வேண்டும், எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், பிஸ்டனுக்கும் ஒரு தவணை உண்டு. மச்சினன் அவன் புல்லட்டுக்கே ஆயில் மாற்றி எத்தனை மாதம் ஆகிறது என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று, 450இல் ரிவர்ஸ் கியர் கிடையாது. வரப்பில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றால் இறங்கி 184 கிலோவைப் பின்னால் இழுக்கணும், மே மாதம், மத்தியானம், ஹெல்மெட்டோடு. ராப்டரில் ரிவர்ஸ் இருக்கிறது. எனக்கு முடிவெடுக்க இது ஒன்றே போதும்.

சரி, கோயம்புத்தூர் போய்ப் பார்த்தோம். முதல் வேலை, ஏர்பாக்ஸைத் திறந்து விரல் விட்டது. சுத்தம். அடுத்து பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன், 'டொக் டொக்' என்று பின் அச்சைத் தாங்குகிற ஆக்ஸில் கேரியர் பேரிங் பேசியது. முன்பக்கம் பால் ஜாயின்ட் ஒன்றிலும் ஆட்டம். ராப்டர் என்ன, எந்த ஸ்போர்ட் குவாடிலும் தேய்கிற சாமான்தான் இவை, பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் விலை பேச உதவும். ரேடியேட்டர் இதழ்களுக்குள் காய்ந்த சேறு. அதைக் கழுவாமல் நம்ம ஊர் வெயிலில் மெதுவாக ஓட்டினால் ஃபேன் நிற்காமல் சுத்திக்கொண்டே இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன், ஏற்கெனவே சூடு பண்ணி வைத்திருந்தால் கிளம்பி வந்திருப்பேன். ஒரே அமுக்கில் பிடித்தது.

சிக்கல் வந்தது பேப்பரில். இந்த மாதிரி வண்டிக்கு ரோட்டில் ஓட்ட ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்காது, சொந்த நிலத்துக்குள் மட்டும்தான், அது தெரிந்துதான் போனோம். ஆனால் இறக்குமதி ஆன வண்டி என்றால் கஸ்டம்ஸ் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கப் பத்திரம்) வேண்டும், அதில் இருக்கிற சேஸிஸ் நம்பரும் ஃபிரேமில் குத்தியிருக்கிற நம்பரும் ஒத்துப்போக வேண்டும். விற்கிறவர் ஜெராக்ஸ் காட்டினார், கடைசி இரண்டு எண் மடிப்பில் அழிந்து போயிருந்தது. ஒரிஜினல் அண்ணன் வீட்டில் இருக்கிறதாம். மச்சினன் அட்வான்ஸை எடுத்து நீட்டிவிட்டான், நான் அவன் கையைப் பிடித்து பாக்கெட்டிலேயே திருப்பி வைத்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரிஜினலோடு வரச் சொல்லியிருக்கிறோம்.

திரும்பி வந்து மாமனாரிடம் போட்டோ காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்தார், போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "தீவனக் கட்டு எங்கே வைக்கிறது?" என்றார். ஸ்போர்ட் குவாடில் சாமான் வைக்கிற கேரியர் வராது மாமா என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காளைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.