கேத்தியில் ஒரு ரெடிமேட் கார் ஷெட்: ஆகஸ்ட் முதல் மார்ச் வரை

ஆகஸ்ட் 11

இரும்புச் சட்டம் செய்து தரும் கோயம்புத்தூர் ஃபேப்ரிகேட்டரிடம் கேட்டால் "ரெண்டு நாள்ல நிறுத்திடலாம்" என்பார். பொய் இல்லை. போல்ட் பூட்டித் தகடு ஏற்றும் வேலை அவ்வளவுதான். ஆனால் நீலகிரியின் கேத்திச் சரிவில் அந்த ரெண்டு நாளைக்கு முன்னால் ஆறு மாத வேலை கிடக்கிறது. அதனால் கால அட்டவணையைப் பின்னாலிருந்துதான் போட வேண்டும். ஏப்ரல், மே சீசன். மலைப்பாதையில் நெரிசல், லாரிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி, மார்ச். கான்கிரீட்டும் சட்டமும் கூரையும் அதற்குள் அடங்க வேண்டும். காகித வேலையும் தண்ணீர் வழியும் இப்போதே.

ஆகஸ்ட் 19

அளவு முடிவானது. தூண்களின் மையத்துக்கு மையம் 3.6 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம். இன்னோவா மாதிரி வண்டி 4.7 மீட்டர் நீளம், 1.8 அகலம். தூணும் பக்கத் தகடும் போக இரண்டு பக்கமும் முக்கால் மீட்டர் கிடைக்கும், கதவைத் திறந்து இறங்கலாம். பத்தடி அகலத்தில் ஷெட் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக இறங்காத குறையாக நெளிகிறவர்கள் ஊட்டியில் நிறைய.

கூரை ஒரே பக்கச் சரிவு. மேட்டுப் பக்கம் 3.35 மீட்டர், பள்ளத்துப் பக்கம் 2.6. கிட்டத்தட்ட 12 டிகிரி. கூரைத் தண்ணீர் எப்போதும் பள்ளத்துப் பக்கமே விழ வேண்டும். மண் வெட்டிய பக்கம் விழுந்தால் ஷெட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே தேங்கி அஸ்திவாரத்தை ஊற வைக்கும்.

செப்டம்பர் 3

"இரும்புக் கொட்டகைதானே, அனுமதி எதற்கு?" என்ற கேள்வி எல்லோரிடமும் வரும். கான்கிரீட் அடித்தளத்தில் நிலையாக நிற்பதைக் கட்டடமாகக் கருதிக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்பதே நல்லது. நிலம் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) எல்லைக்குள் வருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். நீலகிரியில் 7 மீட்டர் உயர வரம்பு உண்டு, இந்த ஷெட் அதில் பாதிகூட இல்லை. சிக்கல் வருவது மண் வெட்டுவதில்தான். அனுமதி இல்லாமல் ஜேசிபி இறக்கினால் வண்டியைப் பறிமுதல் செய்வார்கள். இவ்வளவு சின்ன இடத்துக்கு மண்வெட்டியும் கடப்பாரையும் போதும். இடத்தில் மரம் நின்றால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தன் பட்டா மரம் என்பதால் வெட்டிவிட முடியாது.

அக்டோபர் 6

சோதனைக் குழி. மேட்டுப் பக்கம் ஒன்றரை அடிக்குக் கீழே கெட்டியான செம்மண். பள்ளத்துப் பக்கம் முன்பு யாரோ கொட்டிய மண், கடப்பாரை சும்மா இறங்குகிறது. பாதி வெட்டிய தரையிலும் பாதி கொட்டிய தரையிலும் தளம் போட்டால் மூன்றாம் மழையில் சேருமிடம் கோடு போட்டு விரியும். அதனால் ஷெட்டை ஒரு மீட்டர் மேட்டை நோக்கி நகர்த்தி, முழுதும் பழைய தரையில் நிற்கும்படி மாற்றியாகிவிட்டது.

வெட்டும் வேலை இப்போது கிடையாது. 2009 நவம்பரில் இந்த மலையில் சரிந்த மண் நாற்பது பேருக்கு மேல் காவு வாங்கியது. வடகிழக்கு மழைக்கு முன் மேட்டைப் புதிதாகத் திறந்து போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. மேட்டின் தலையில் ஒரு வாய்க்கால் மட்டும், ஓரடி அகலம், ஓரடி ஆழம், ஓடையை நோக்கிச் சரிவு. இந்த மழையில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை அதுவே காட்டிக் கொடுக்கும்.

நவம்பர் 24

வரைபடம் இறுதியானது. மலைக்கு வருகிற சாமானில் முதல் விதி நீளம். நீளமான டிரெய்லர் கொண்டை ஊசி வளைவில் திரும்பாது, 17 அடி லாரிதான் கணக்கு. கூரைத் தகடு 14 அடி, ஒரே துண்டு. இடையில் ஒட்டு இல்லாததால் ஒழுகும் இடம் ஒன்று குறைகிறது. தகட்டைத் தாங்கும் கிடைக் கம்பியான பர்லின் 6.6 மீட்டர் வேண்டும், அதை 3.3 மீட்டராக இரண்டாக்கி நடுச் சட்டத்தின் மேல் இணைக்க வேண்டும்.

தூண் 6, 75 × 75 மி.மீ. சதுர டியூப், 3 மி.மீ. தடிமன். பர்லின் 4 வரிசை. கூரைத் தகடு 0.5 மி.மீ. வண்ணப் பூச்சு, 7 எண்ணம். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அகலம் மூடும், இரு முனையிலும் ஓரடி வெளியே நீளும். ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ 250. நங்கூர போல்ட் 16 மி.மீ. விட்டம், 450 மி.மீ. நீளம், தூணுக்கு நான்கு வீதம் 24.

தகட்டை இன்னும் வெட்டச் சொல்லவில்லை. போல்ட்டின் இடம் கான்கிரீட்டில் உறைந்த பிறகு, உள்ளதை உள்ளபடி அளந்து அனுப்பியபின் வெட்டினால் போதும்.

ஜனவரி 5

மண் வெட்டு தொடங்கியது. மேட்டுப் பக்கம் வெட்டு ஒரு மீட்டரைத் தாண்டும் இடத்தில் கருங்கல் தடுப்புச் சுவர். தண்ணீர் வெளியேற அதில் 75 மி.மீ. குழாயை ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, மேலும் கீழுமாக மாற்றி வைத்து, அதன் பின்னால் உடைகல் நிரப்ப வேண்டும். குழாய் வைத்துவிட்டுப் பின்னால் களிமண்ணைக் கொட்டும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அந்தக் குழாய் அலங்காரம்தான், ஒரு சொட்டு வராது.

பொங்கலுக்கு ஆட்கள் கீழே ஊருக்குப் போவார்கள், 19 வரை வேலையில்லை என்றே அட்டவணையில் எழுதியிருக்கிறது.

ஜனவரி 21

தூண் குழி ஆறு, நீளம் அகலம் ஆழம் மூன்றும் 60 செ.மீ. 18 மி.மீ. பிளைவுட்டில் நாலு துளை போட்ட அச்சில் போல்ட்டுகளை மேலும் கீழும் நட்டு வைத்து இறுக்கி, மரையில் கிரீஸ் தடவி டேப் சுற்றியாகிறது. கான்கிரீட்டுக்கு மேல் 75 மி.மீ. நிற்க வேண்டும். அதில் 25 தகட்டின் கீழே ஊற்றும் சிமெண்ட் கலவையான கிரவுட்டுக்கு, 12 தூணின் அடித்தகட்டுக்கு, மிச்சம் வாஷருக்கும் இரண்டு நட்டுக்கும்.

மூலைக்கு மூலை அளந்தால் 6.997 மீட்டர் வர வேண்டும், இரண்டு குறுக்கும் ஒன்றாக. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தகட்டுத் துளை தாங்கும், ஒரு சென்டிமீட்டரைத் தாங்காது. கான்கிரீட் கொட்டியவுடன் மறுபடி அளக்க வேண்டும். வைப்ரேட்டர் தொட்டால் அச்சு நகரும், பச்சையாக இருக்கும்போதுதான் தட்டித் திருத்த முடியும்.

ஜனவரி 28

தளம் 3.9 × 6.3 மீட்டர், 125 மி.மீ. கனம். தூண் குழிகளையும் சேர்த்து 1:1½:3 கலவைக்குச் சிமெண்ட் 38 மூட்டை, முக்கால் யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) எம்-சாண்ட், ஒன்றரை யூனிட் ஜல்லி எடுத்தது. அடியில் 250 மைக்ரான் ஷீட், மேலே 8 மி.மீ. கம்பி, 20 செ.மீ. இடைவெளி. ஷட்டர் வரப்போகும் வாசல் பக்கம் நூற்றுக்கு ஒன்று சரிவு.

கேத்திப் பள்ளத்தாக்கில் இந்த மாதம் விடியற்காலை புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். 5 டிகிரிக்குக் கீழே சிமெண்ட் இறுகுவது ரொம்ப மெதுவாகிவிடும், பச்சைக் கான்கிரீட்டிலுள்ள தண்ணீர் உறைந்தால் மேல்தோல் மாவாக உதிரும். எனவே காலை பத்துக்கு மேல் தொடங்கி, இரண்டு மணிக்குள் மட்டம் தட்டி, நாலு மணிக்குச் சாக்கும் தார்ப்பாயும் மூட வேண்டும். இரவில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காலை வெயில் ஏறிய பிறகே. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்பதால் க்யூரிங் (ஈரம் காய விடாமல் வைப்பது) குறைந்தது பத்து நாள், இந்தக் குளிருக்கு அட்டவணையில் பதினான்கு. மறுநாளே நடுவில் 3 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. விரிசல் வருவதானால் அந்தக் கோட்டிலேயே வரட்டும்.

பிப்ரவரி 9

போல்ட் இடங்களை அளந்து ஃபேப்ரிகேட்டருக்கு அனுப்பியாயிற்று. ஒரு தூணில் 4 மி.மீ. விலகல். அந்த அடித்தகட்டில் மட்டும் துளையை நீள்வட்டமாக்கி, மேலே சதுர வாஷர் வைக்கச் சொல்லியிருக்கிறது.

பிப்ரவரி 24

லாரி மேட்டுப்பாளையம், பர்லியாறு வழியாக மேலே வந்து சேர்ந்தது. சாலையிலிருந்து தலைச்சுமை. தகடு தூக்குவதைப் பதினோரு மணிக்குள் முடிப்பது நல்லது. மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து காற்று ஏறும், 14 அடித் தகடு பாய்மரமாகிவிடும். அடுக்கும்போது ஒரு முனையை உயர்த்தி, இடையில் கட்டை வைத்து, காற்றுப் போக விட்டு மூட வேண்டும். இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துத் தகட்டில் வெள்ளைத் திட்டு விழும்.

பிப்ரவரி 26

சட்டம் நின்றது. கீழ் நட்டைத் திருகியே தூண் நேர் செங்குத்துக்கு வருகிறது, ஆப்பு வேண்டாம். குறுக்குப் பட்டை இறுகும் முன் கிரவுட் ஊற்றக் கூடாது.

பிப்ரவரி 28

கூரை. பர்லின் மேல் குமிழி ஃபாயில் விரித்த பிறகே தகடு. மூடுபனி நாளில் தகட்டின் அடியில் நீர் கோத்து வண்டி மேல் சொட்டுவதை ஒழுகல் என்று நினைத்து ஸ்க்ரூவில் பசை பூசிக்கொண்டே இருப்பார்கள். காரணம் ஓட்டை இல்லை, குளிர்ந்த தகடு. பக்கச் சுவர் உச்சியில் வலை அடித்த 15 செ.மீ. திறப்பும் வேண்டும்.

ஸ்க்ரூ தகட்டு நெளிவின் மேட்டில்தான், பள்ளத்தில் இல்லை. ஓர வரிசைகளில் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று, காற்று முதலில் பிய்ப்பது ஓரத்தைத்தான். வாஷர் லேசாகப் பிதுங்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். கிரைண்டரால் தகடு வெட்ட விடக் கூடாது. சூட்டில் பூச்சு எரியும், தெறித்த பொடி பனியில் ஓரிரு நாளில் துருப் புள்ளியாகும். துளையிட்ட சீவல்களையும் அன்று மாலையே கூட்டித் தள்ள வேண்டும்.

மார்ச் 7

ஷட்டர் 2.7 × 2.1 மீட்டர், மேலே சுருள் பெட்டிக்கு 45 செ.மீ. இந்த அளவுக்குக் கையால் தள்ளும் ஸ்பிரிங் வகை போதும். கீழே ரப்பர் பட்டை. எண்ணெய், புண்ணாக்கு எதையும் உள்ளே வைக்க வேண்டாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கே கதவை உடைக்கிற கரடிக்கு ஷட்டர் ஒரு பொருட்டா?

மார்ச் 12

பள்ளத்துப் பக்கம் கூரைத் தண்ணீரை ஏந்தும் கட்டர், ஒரு முனைக்கு 3 செ.மீ. சரிவு, 110 மி.மீ. குழாய். கூரை 28 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் 2800 லிட்டர். இதே நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்திருக்கிறது. குழாயைத் தரையில் விடாமல் ஓடை வரை இழுத்தாயிற்று. மே கடைசியில் அடித்தகட்டின் மேல் நட்டு 24-ஐயும் ஓர ஸ்க்ரூக்களையும் ஒருமுறை முடுக்க வேண்டும்.